குஞ்சத்தில் ஒரு இழை

எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும். இதை நானே முதலில் ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என்னிடம் படித்த பெண்கள் யாராவது இதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். முப்பது வருஷம் பெண்கள் பள்ளியில் டீச்சராக இருந்தேன். ஒரு பிள்ளையையும் கைநீட்டி அடித்ததில்லை. ஆனால் “எங்கே, திருப்பிச் சொல்லு” என்று நான் கேட்டால் வகுப்பில் ஈ ஆடாது. தப்புச் செய்தவள் எழுந்து நின்று, சரியானதை எல்லார் காதிலும் விழும்படி ஒப்பித்தாக வேண்டும். அதுதான் நான் கொடுக்கும் தண்டனை. அதைப் பள்ளிக்கூடத்தோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம்.

இது என் மகள் பிறந்த வருஷத்துச் சங்கதி. இரண்டாம் உலக யுத்தம் வருவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னால். பசுமலை அடிவாரத்தில் மிஷன் பள்ளி ஆசிரியர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில் இருந்தோம். இவர், என் வீட்டுக்காரர், பையன்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார். கல்யாணமாகி எட்டு வருஷம் பிள்ளை இல்லை. இடையில் ஒன்று ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போயிற்று. எங்கள் சபைக் கோயிலில் எனக்காக ஜெபம் பண்ணிப் பண்ணி எல்லோரும் அலுத்துப்போன சமயத்தில் இவளை உண்டானேன்.

உண்டானது உறுதியானதும் நான் செய்த முதல் காரியம் பின்னல் ஊசியைத் தேடி எடுத்தது. போர்டிங்கில் படித்த காலத்தில் ஒரு துரைசானி அம்மா எங்களுக்குக் கம்பளி நூலில் பின்னல் சொல்லிக்கொடுத்தார். மதுரை வெயிலில் கம்பளி எதற்கு என்று அவரும் யோசிக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நன்றாகப் பின்னினால் பரிசு உண்டு. வருஷா வருஷம் நான்தான் வாங்கினேன். ஆனால் பின்னியதைப் போர்த்திக்கொள்ள ஓர் ஆள் எனக்கு இல்லாமல் இருந்தது. இப்போது ஆள் வரப்போகிறது. ஆனியில் ஆரம்பித்துப் புரட்டாசிக்குள் ஒரு வெள்ளைப் போர்வை பின்னி முடித்து, பெட்டிக்குள் வைத்து, பூச்சி அரிக்காமல் இருக்கக் கை நிறையப் பாச்சை உருண்டையும் போட்டுப் பூட்டினேன்.

எனக்கு அம்மா இல்லை. அதனால் இவருடைய அக்கா பழங்காநத்தத்திலிருந்து பேறுகாலம் பார்க்க வந்து சேர்ந்தார். நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம்தான். ஆனால் மதினி ஜெபத்தை முடித்த கையோடு உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போடுவார். கேட்டால், “ஆண்டவர் பெரிய வேலையப் பாக்கட்டும். இந்தச் சின்ன வேலைய நான் பாத்துக்கிறேன்” என்பார். ஐப்பசி அடைமழையில் மகள் பிறந்தாள். மூன்றாம் நாள் நான் பெட்டியைத் திறந்து போர்வையை எடுத்து நீட்டினேன்.

“என்னத்தா இது?” என்று மதினி மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

“பிள்ளைக்குப் போர்வை, மதினி. நானே பின்னியது.”

“பாச்ச உருண்ட நாத்தம் கொடலப் பெரட்டுது. இதுல பொதிஞ்சா பிள்ள என்னத்துக்கு ஆகும்? அதோட, பச்சப் பிள்ளைக்குக் கோடித் துணி ஆகாது. ஒம் புருசனோட பழைய வேட்டிய நாலாக் கிழிச்சு, அலசிக் காயப்போட்டு வச்சிருக்கேன். அம்புட்டும் பூவாட்டம் இருக்கு.”

புதுத் துணி ஆகாது என்பதைக் கேட்டதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. மூடநம்பிக்கை என்று படுத்த படுக்கையிலேயே ஒரு பிரசங்கம் செய்தேன். மதினி கேட்டுக்கொண்டே பிள்ளையைப் பழைய வேட்டித் துண்டில் சுற்றி முடித்துவிட்டார். நாற்றத்தைப் பற்றி அவர் சொன்னது மட்டும் நியாயம். மழை விட்ட இரண்டு நாள் போர்வையை வெயிலில் போட்டு எடுத்தேன். அவருக்காக இல்லை, எனக்கே தலையை வலித்தது.

அதற்குப் பிறகு போர்வை விஷயத்தில் எங்களுக்குள் தினமும் இழுபறிதான். மதினி சேலையில் தூளி கட்டினால் இரண்டு பக்கத் துணியும் பிள்ளையின் முகத்தில் ஒட்டாதபடி நடுவில் ஒரு கம்பைக் குறுக்கே செருகுவார். மலைக்காற்று அடிக்கிறதே என்று நான் போர்வையைப் பிள்ளையின் மூக்குவரை இழுத்து விடுவேன். அவர் வந்து இடுப்புக்கு இறக்கி விடுவார்.

“மாருக்கு மேல ஏத்தாத. அது கையி சும்மா இருக்குமா? இழுத்து மூஞ்சில போட்டுக்கிட்டா, வாயத் தொறந்து சொல்லவா போகுது?”

அவர் அந்தப் பக்கம் போனதும் மறுபடி ஏற்றிவிடுவேன். மார்கழிகூடப் பிறக்காத மாதத்தில் பிள்ளைக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு வந்தது. அப்போதும் நான் போர்வையைச் சந்தேகப்படவில்லை. மதினி தேய்த்த எண்ணெயைத்தான் குறை சொன்னேன்.

இனி, எங்கள் வரிசை வீடுகளுக்குத் துணி எடுக்க வந்த வண்ணார் வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வயதுதான் இருக்கும். மூன்று பிள்ளைகளுக்குத் தாய். இப்போது எழுதும்போது ‘அவர்’ என்று எழுதத்தான் எனக்கு ஆசை. ஆனால் அன்றைக்கு நான் அவளை ‘நீ’ என்றேன், அவள் என்னை ‘நீங்க’ என்றாள். நடந்ததை நடந்தபடி எழுதுவதென்றால் அதையும் அப்படியே எழுதத்தான் வேண்டும். வியாழக்கிழமையும் திங்கட்கிழமையும் வருவாள். கண்மாய்க் கரையில் துவைத்து, வெள்ளாவியில் அவித்து, கொக்குச் சிறகு மாதிரி வெளுத்துக் கொண்டுவருவாள்.

துணிகள் மாறிப்போகாமல் இருக்க அவர்கள் ஒவ்வொரு துணியின் மூலையிலும் சேங்கொட்டைப் பாலால் ஒரு குறி போடுவார்கள். அந்தப் பால் பட்டால் சிலருக்கு உடம்பு தடித்துப்போகும். அதனால் மகள் பிறந்ததும் நான் ஒரு சட்டம் போட்டேன்.

“பிள்ளைத் துணி எதிலும் குறி போடக் கூடாது.”

“குறி இல்லாட்டி எது யாரு வீட்டுதுன்னு எப்பிடித் தெரியும் டீச்சரம்மா?”

“அது உன் பாடு.”

அவள் தலையைச் சொறிந்தாள். “சரி, ஓரத்தப் பாத்து வச்சுக்கிறேன்” என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு துணியின் ஓரத்தையும் நான்கு பக்கமும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மூட்டையில் போடுவாள். எங்கே நூல் தொங்குகிறது, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று எல்லாம் அவள் விரலுக்குத் தெரியும். தொங்குகிற நூலைப் பல்லால் கடித்து எடுத்துவிடுவாள். இவ்வளவு நேரம் பண்ணுகிறாளே என்று எனக்கு அதிலும் எரிச்சல்.

பிறந்து இருபது நாள் இருக்கும். பிள்ளை பால் கக்கிப் போர்வை நாறிப்போயிற்று. நான் அயர்ந்து தூங்கிய நேரத்தில் மதினி அதையும் மற்றத் துணியோடு சேர்த்து அவளிடம் போட்டுவிட்டார். அவள் கம்பளியைக் கண்டவள் இல்லை. அழுக்கும் பால் வாடையும் போகட்டும் என்று நல்ல எண்ணத்தோடு உவர்மண் போட்டு வெள்ளாவி வைத்து, கல்லில் நாலு அடியும் அடித்துவிட்டாள். வியாழக்கிழமை அவள் கொண்டுவந்து கொடுத்தபோது அது போர்வையாக இல்லை. நாலு மாதம் பின்னியது சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சுருங்கி, தோசைக்கல் கனத்துக்குத் தடித்துப்போய் இருந்தது.

நான் என்ன செய்தேன் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. பச்சை உடம்புக்காரி வாசலுக்கு வந்து, வரிசை வீட்டுக்காரர்கள் எல்லாரும் எட்டிப் பார்க்கும்படி கத்தினேன். கம்பளிக்கும் கோணிக்கும் வித்தியாசம் தெரியாதவளுக்கு எதற்குத் துணி எடுக்கிற வேலை என்று கேட்டேன். அவள் கையைப் பிசைந்துகொண்டு, “தெரியாமப் பண்ணிட்டேன்ம்மா” என்றாள். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

“கம்பளியை அவிக்கக் கூடாது. பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். முறுக்கிப் பிழியக் கூடாது. நிழலில் விரித்துக் காயப்போட வேண்டும். எங்கே, திருப்பிச் சொல்லு.”

அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். பிறகு, மூன்று பிள்ளை பெற்றவள், தெருவில் நின்றுகொண்டு, என் வகுப்புச் சிறுமி மாதிரி ஒப்பித்தாள். “கம்பளிய அவிக்கப்படாது. பச்சத் தண்ணியில அலசணும். முறுக்கிப் பிழியப்படாது. நெழல்ல விரிச்சுக் காயப்போடணும்.”

“இனிமேல் என் பிள்ளைத் துணி எதையும் நீ தொடாதே” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். மதினி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. கொடுத்தது அவர்தானே, திட்டு மட்டும் அவளுக்குப் போயிற்றே என்று அவருக்கு வருத்தம். எனக்கும் அந்தச் சமயம் மனம் கொஞ்சம் குத்தியது. ஆனால் ஒரு டீச்சருக்குத் தன் தப்பை ஒப்புக்கொள்வது என்பது லேசில் வராது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு மகளுக்கு ஞானஸ்நானம் என்று முடிவாகியிருந்தது. எட்டு வருஷம் ஜெபம் பண்ணியவர்கள் எல்லாரும் அவளைப் பார்க்க வருவார்கள். வேட்டித் துண்டில் சுற்றிக் கொண்டுபோவேனா? மீதமிருந்த கம்பளி நூலையெல்லாம் எடுத்து, முதலதைவிடச் சின்னதாக இன்னொரு போர்வையை ராப்பகலாக உட்கார்ந்து பின்னி முடித்தேன். இந்தத் தடவை வெறும் போர்வை இல்லை. துரைசானி அம்மாவின் பத்திரிகையில் எப்போதோ பார்த்த படத்தை நினைவில் வைத்து, நான்கு மூலையிலும் நீளமாகக் குஞ்சம் வைத்தேன். குஞ்சத்துக்குப் பன்னிரண்டு இழை. மிச்சத்தில் ஒரு ஜோடிக் காலுறை, கணுக்காலில் நாடா கட்டி முடிகிற மாதிரி. அந்த நாடா முடிச்சுக்கு நான் பட்ட பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

போர்வையைத் தினமும் காலை வாசல் கொடியில் காயப்போடுவேன். வண்ணார் வீட்டுப் பெண் வருகிற நாளில் வேண்டுமென்றே முன்பக்கமாக விரித்துப் போடுவேன். அவள் தூர நின்று பார்ப்பாள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். ஒரு நாள், “குஞ்சம் நல்லாருக்கு டீச்சரம்மா. ஆனா புள்ளைக்கு இம்புட்டு நீளம் வேணுமா?” என்றாள். நான் குஞ்சத்தை இன்னும் நன்றாகத் தெரியும்படி நீவி விட்டேன்.

ஞானஸ்நானத்தன்று காலை கோயில் மணி அடித்துவிட்டது. நான் அவசரமாக மகளைப் போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தேன். அவள் உதைத்துக்கொண்டே இருந்தாள். காலுறை ஒன்று கழன்று விழுந்து, கால் குஞ்சத்துக்குள் மாட்டிக்கொண்டது. “ம்ம், சும்மா இரு” என்று காலை இழுத்தேன். டக் என்று ஏதோ அறுந்தது. சின்னச் சத்தம். எனக்குக் கேட்டது. இன்றைக்கும் கேட்கிறது. நான் குனிந்து பார்க்கவில்லை. காலுறையை மறுபடி மாட்டி, நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கோயிலில் அவள் வீறிட்டு அழுதாள். தலையில் தண்ணீர் பட்டால் எல்லாப் பிள்ளையும் அழும்தானே என்றார்கள். நல்ல தொண்டை, பாட்டுக் குழுவில் சேர்த்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். நானும் சிரித்தேன். கை மாறிக் கை மாறி எல்லோரும் போர்வையைத்தான் தொட்டுப் பார்த்துப் புகழ்ந்தார்கள்.

வீட்டுக்கு வந்தும் அழுகை நிற்கவில்லை. பால் குடிக்க வாயை வைப்பாள், இரண்டு வாய் இழுப்பாள், மறுபடி வீறிடுவாள். மதினி வசம்பு உரசிக் கொடுத்தார். உப்பு மிளகாய் சுற்றினார். சாயங்காலம் ஒரு முடிவுக்கு வந்தார்.

“உரம் விழுந்திருக்கு. காலையில அம்புட்டுப் பேரு கையிலயும் மாறுச்சுல்ல? எவளோ கழுத்தப் பிடிக்காமத் தூக்கியிருக்கா.”

பிள்ளையை ஏடாகூடமாகத் தூக்கினால் உள்ளே எங்கோ பிசகிக்கொள்ளும், அதுதான் உரம் என்பார்கள். அதை எடுக்க, ஒரு பழைய சேலையில் பிள்ளையைப் போட்டு, இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு அப்படியும் இப்படியும் உருட்டுவார்கள். இதெல்லாம் சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்று பள்ளியில் தாய்மார் கூட்டத்தில் பேசியவள் நான். அன்றைக்கு ஒரு முனையை நான்தான் பிடித்தேன். அழுகிற பிள்ளைக்கு முன்னால் படிப்பு எந்த மூலைக்கு? உருட்டி முடித்ததும் அவள் களைத்துப்போய்க் கொஞ்ச நேரம் கண் அசந்தாள். “பாத்தியா?” என்றார் மதினி. நானும் நம்பிவிட்டேன்.

ஆனால் விழித்ததும் மறுபடி அழுகை, மறுநாள் விடியும்வரை. இடுப்புத் துணியை எத்தனையோ தடவை மாற்றினோம். காலுறையை மட்டும் கழற்றவில்லை. பனிக்காலம், பிள்ளைக்குக் கால் சில்லிட்டுவிடக் கூடாது என்று இரண்டு பேருமே நினைத்தோம். அழுகிற பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று காலையில் குளிப்பாட்டவும் இல்லை. குளிப்பாட்டியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். இவர் பள்ளிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

இவர் போன கொஞ்ச நேரத்தில் வண்ணார் வீட்டுப் பெண் வந்தாள். திங்கட்கிழமை அல்லவா. நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்துகொண்டிருந்தேன். மதினி அழுக்குத் துணியைக் கொண்டுபோய் வாசலில் வைத்தார். அவள் துணியை எடுக்கவில்லை. கொடியில் கிடந்த போர்வையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“டீச்சரம்மா” என்று கூப்பிட்டாள். “இதத் தொடலாமா?”

“என்ன இப்போது?” என்று எரிந்து விழுந்தேன்.

“இந்த மூலைக் குஞ்சத்துல ஒரு இழை கொறையுது. போன தடவ நாலும் முழுசா இருந்துச்சு. இது பாதியில அறுந்து நிக்கிது. மிச்சம் எங்க?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிள்ளை இப்படி அலறும்போது குஞ்சத்தைப் பற்றிப் பேசுகிறாளே என்றுதான் தோன்றியது. அவள் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு வாசல்படி ஏறி உள்ளேயே வந்துவிட்டாள். அதற்குமுன் ஒருநாளும் அவள் உள்ளே வந்ததில்லை. வா என்று நானும் கூப்பிட்டதில்லை.

“வாயில பாருங்க. கையில பாருங்க. எங்க அக்கா புள்ளைக்கு இப்பிடித்தான் வெரல்ல ஒரு தலமசுரு சுத்திக்கிருச்சு. வெரலே வீங்கிப்போச்சு. இது கம்பளி வேற. நனஞ்சா சுருங்கும். எனக்குத் தெரியாதா? ஒரு போர்வையவே சுருக்குனவ நான்.”

டக் என்ற அந்தச் சத்தம் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. பாயில் உட்கார்ந்து இடது காலின் நாடாவை அவிழ்க்கப் பார்த்தேன். நான் பெருமைப்பட்ட முடிச்சு. இழுக்க இழுக்க இறுகியதே தவிர அவிழவில்லை. அவள் குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள். மூத்திரத்தில் நனைந்து காய்ந்த காலுறை கழன்று வந்தது. சுண்டுவிரலுக்கு அடுத்த விரல் திராட்சைப்பழம் மாதிரி வீங்கிக் கருநீலமாக இருந்தது. அடியில் ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் நூல் இருந்ததே தெரியவில்லை.

“யாத்தே!” என்று மதினி தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பூவேலை செய்யும் சின்னக் கத்தரியும் ஊசியும் என்னிடம் இருந்தன. கத்தரியை நான் பிடித்தால் விரலையே வெட்டிவிடுவேன் போல் இருந்தது. அவள் ஊசியை வாங்கி, வெளிச்சத்துக்குத் திரும்பி, வீக்கத்தை விலக்கி, ஊசியின் மழுங்கின பக்கத்தால் தடவித் தடவி நூலின் நுனியைக் கண்டுபிடித்தாள். நூலுக்கும் தோலுக்கும் நடுவே ஊசியை மெல்லச் செருகித் தூக்கினாள். “இப்ப வெட்டுங்க” என்றாள். வெட்டினேன். ஒரு சுற்று வந்தது. “இன்னும் இருக்கு” என்றாள். மூன்று சுற்று இருந்தது. கடைசிச் சுற்று வந்ததும் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு, விக்கி விக்கி என் முகத்தைப் பார்த்தாள். நான் பெற்ற பிள்ளை, நான் பின்னிய நூல், நானே இழுத்துப் போட்ட முடிச்சு. அவளுடைய பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

குதிரை வண்டி பிடித்து டவுனுக்கு, பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா விரலை அமுக்கிப் பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்து நூல் மிச்சம் இருக்கிறதா என்று தேடினார். இல்லை என்றார். மருந்து தடவி, மெல்லிய துணியால் தளர்வாகச் சுற்றினார்.

“ரத்தம் திரும்பி ஓடுதான்னு பாக்கணும். வியாழக்கிழமை காலையில பிரிங்க. சிவப்பா இருந்தா பயமில்ல. கறுத்துப்போயிருந்தா உடனே கொண்டு வாங்க. விரல எடுக்க வேண்டி வரலாம். நூல் எங்கேருந்து வந்துச்சு?”

“நான் பின்னியது” என்றேன்.

அந்த மூன்று நாளும் நான் எப்படி இருந்தேன் என்று சொல்ல வார்த்தை இல்லை. எட்டு வருஷம் கேட்டு வாங்கின பிள்ளையை எட்டு வாரம் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன். இவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவே பெரிய பாரமாக இருந்தது. மதினி தூளியில் விரிக்க எதையோ தேடி, அந்தச் சுருங்கிப்போன முதல் போர்வையை எடுத்துவந்தார். நான் நகத்தால் அதன் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தேன். ஒரு இழைகூடப் பிரியவில்லை. அவிந்து இறுகி, ஒரே துணியாகியிருந்தது. என் வீட்டிலிருந்த கம்பளியில் பிள்ளைக்கு ஆபத்தில்லாத துணி அது ஒன்றுதான். அதைச் செய்தவளைத்தான் நான் தெருவில் நிறுத்தி ஒப்பிக்க வைத்தேன்.

வியாழக்கிழமை விடிந்தது. இவர் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். மதினி மூலையில் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணினார். நான் மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கட்டைப் பிரிக்கக் கை வரவில்லை. பிரிக்காத வரைக்கும் விரல் சிவப்பாகவே இருக்கும் என்று ஒரு நினைப்பு.

அந்த நேரத்தில் அவள் வந்தாள். வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

“உள்ளே வாம்மா” என்றேன்.

வந்து எதிரில் உட்கார்ந்தாள். கக்கத்தில் இடுக்கியிருந்த என் போர்வையை எடுத்து வைத்தாள். திங்கட்கிழமை நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன அவசரத்தில் கொடியிலேயே கிடந்திருக்கிறது. கொண்டுபோய்த் துவைத்திருக்கிறாள். அளவு குறையவில்லை. மெத்தென்று இருந்தது. நான்கு மூலையிலும் குஞ்சம் இல்லை. வெட்டி, ஓரத்தை மடித்து, பிசிறு தெரியாமல் தைத்திருந்தாள்.

“தொடாதன்னு சொன்னீக, தொட்டுட்டேன். குஞ்சத்தையும் வெட்டிட்டேன். வையணும்னா வைங்க” என்றாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, அன்றைக்குத் தெருவில் சொன்ன அதே குரலில் ஒப்பித்தாள். “கம்பளிய அவிக்கல. பச்சத் தண்ணியிலதான் அலசுனேன். முறுக்கிப் பிழியல. நெழல்லதான் விரிச்சுக் காயப்போட்டேன்.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. “அன்றைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. தப்பு என்னுடையது” என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்ன வாக்கியம் வேறு இல்லை.

அவள் என் மடியில் கிடந்த பிள்ளையின் காலைப் பார்த்தாள்.

“இன்னும் பிரிக்கலையா?”

“பயமாக இருக்கிறது.”

அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது.

“நீங்க சொன்னத நான் சொன்னேன்ல? இப்ப நான் சொல்றத நீங்க சொல்லுங்க. போத்துறதுக்கு முன்னால ஓரத்த ஒரு சுத்துத் தடவிப் பாக்கணும். எங்க, சொல்லுங்க.”

மதினி ஜெபத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். இவர் வாசற்படியில் நின்றுவிட்டார்.

“போர்த்துவதற்கு முன்னால் ஓரத்தை ஒரு சுற்றுத் தடவிப் பார்க்கணும்” என்றேன்.

“மாருக்கு மேல ஏத்தப்படாது. இது உங்க மதினி சொன்னது. நான் வாசல்ல நின்னு எத்தன தடவ கேட்டிருக்கேன்.”

“மாருக்கு மேல் ஏற்றக் கூடாது.”

“பிரிச்சதும் வெரல எண்ணணும்.”

“பிரித்ததும்…” என்று கால் கட்டையே பார்த்தேன்.

“சொல்லுங்க டீச்சரம்மா.”

“பிரித்ததும் விரலை எண்ணணும்.”

“எண்ணுங்க.”

வலது காலிலிருந்து தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. இடது காலில் பெருவிரல் ஆறு. ஏழு. எட்டு. அடுத்த விரலில் கட்டு இருந்தது. அவள் காலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். நான் துணியை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தேன். விரல் கன்றிப்போய், தோல் உரிந்து, சுற்றிலும் ஒரு கோடு விழுந்து இருந்தது. ஆனால் கறுப்பாக இல்லை. என் விரல் நுனியால் மெல்லத் தொட்டேன். வெளுத்தது. கையை எடுத்ததும் சிவப்பு திரும்பி வந்தது. ஒன்பது என்று நான் வாயைத் திறப்பதற்குள் மகள் காலை வெடுக்கென்று இழுத்து, ஐந்து விரலையும் மடக்கிக்கொண்டாள்.

“மடக்குறா பாருங்க, மடக்குறா!” என்று அவள் கத்திவிட்டாள். நான் அவள் தோளில் முகத்தை வைத்து அழுதேன். அவள் மேலிருந்து உவர்மண் வாசனை அடித்தது. என் தலையை ஒரு தடவை தடவிக்கொடுத்துவிட்டு, பிள்ளையின் காலை மறுபடி என் கையில் எடுத்து வைத்தாள்.

“எண்ணி முடிக்கலையே. மொதல்ல இருந்து எண்ணுங்க, டீச்சரம்மா.”

நான் ஒன்றிலிருந்து எண்ணினேன், எல்லார் காதிலும் விழும்படி.